நாவைப் பழிக்க வேண்டா, பதிவேட்டைக் கேளுங்கள்

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த முதல் வாரம். அல்வாலில் ஒரு வகுப்பறை. புதிதாக வந்த ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கிறார். மகேஷ், சந்தியா, அஸ்லம் என்று தடையின்றிச் செல்லும் குரல் ஓரிடத்தில் தயங்குகிறது. பிறகு 'கயல்விஜி' என்கிறது. பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, 'பிரசென்ட் சார்' என்று சொல்லி அமர்கிறாள். தன் பெயர் கயல்விழி என்று அவள் திருத்துவதில்லை. மூன்றாம் வகுப்பில் திருத்திப் பார்த்திருப்பாள். எட்டாம் வகுப்புக்குள் அலுத்துப் போயிருப்பாள்.

ஐதராபாத், செகந்திராபாத் பகுதிகளில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிய அனுபவம் அன்று. இதைப் பற்றித் தமிழ் அறிவுலகில் இரண்டு விதமான பேச்சுகள் மட்டுமே கேட்கின்றன. முதலாவது, சினம்: 'ழகரத்தை உச்சரிக்கத் தெரியாதவர்கள் தமிழ்ப் பெயரைச் சிதைக்கிறார்கள், இது அவமதிப்பு.' இரண்டாவது, மொழியியல் படித்தவர்களின் அமைதி: 'ஒரு மொழியின் ஒலி இன்னொரு மொழிக்குள் செல்லும்போது மாறுவது இயற்கை, இதில் குறைகூற எதுவுமில்லை.' இரண்டுமே பிழையானவை. முதலாவது, குற்றமற்ற ஒருவரைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது, உண்மையான குற்றத்தை இயற்கை என்று சொல்லி மூடிவிடுகிறது. அந்தச் சிறுமியின் பெயரைத் திரித்தது ஆசிரியரின் தெலுங்கு நாவன்று. அவர் கையிலிருந்த பதிவேடு.

அல்வாலுக்குத் தமிழ் நேற்று வந்த மொழியன்று என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1798ஆம் ஆண்டு நிஜாம் ஆங்கிலேயக் கம்பெனியுடன் செய்துகொண்ட துணைப்படை உடன்படிக்கைக்குப் பின் உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே படைமுகாம் அமைந்தது. 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அது செகந்திராபாத் ஆயிற்று. மதராஸ் படையின் சிப்பாய்களோடும், அவர்களை ஒட்டி வாழ்ந்த ஒப்பந்தக்காரர்கள், எழுத்தர்கள், கைவினைஞர்கள், கூலித் தொழிலாளர்களோடும் தமிழ் அங்கே குடியேறியது. திருமலகிரி, பொல்லாரம், அல்வால் என்று முகாமின் ஓரங்களில் அது பரவியது. தனி நகராட்சியாக இருந்த அல்வால் 2007இல் ஐதராபாத் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. இன்று ஒரே தெருவில் தெலுங்கும் தக்கினி உருதும் தமிழும் புழங்குகின்றன. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெயர் மூன்று நாவுகளில் மூன்று விதமாக ஒலிப்பது வியப்பன்று. ஒரே விதமாக ஒலித்தால்தான் வியப்பு.

'காதர்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். அரபியில் அதன் முதலொலி அடிநாவில் பிறப்பது. தமிழ் முஸ்லிம்களின் வாயில் அது எளிய ககரமாகிக் 'காதர்' ஆனது. ஐதராபாத்தின் தக்கினி உருதுவில் அதே ஒலி தொண்டையை உரசும் ஒலியாக மாறுகிறது. வட இந்திய உருதுப் பேச்சாளர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. தெலுங்கர்கள் தக்கினி வாயிலிருந்து அப்பெயரைக் கேட்டதால், தம் எழுத்தில் மூச்சொலிக் ககரமிட்டு எழுதுகிறார்கள். மூன்று நாவுகள், மூன்று ஒலிகள், ஒரே பெயர். அல்வாலில் காதர் என்ற பெயருள்ள ஒருவர் மூன்று விளிக்கும் திரும்பிப் பார்ப்பார். அவர் பெயரை எவரும் சிதைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழிக்குள் அதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இனி, ழகரக் காவலர்களிடம் சில கேள்விகள்.

வடசொற்கள் தமிழுக்குள் வரும்போது தம் வடவெழுத்துகளை விட்டுவிட்டுத் தமிழெழுத்துகளோடு பொருந்தி வரவேண்டும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் விதிக்கிறது. சிதைந்து வந்தாலும் பொருந்தி வந்தால் விலக்குவதில்லை என்று அடுத்த நூற்பா இன்னும் தாராளம் காட்டுகிறது. தமிழ் மாணவர்கள் இவ்விதியைப் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறார்கள். கம்பர் இலட்சுமணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் ஆக்கியதைத் தமிழின் ஆற்றல் என்று கொண்டாடுகிறார்கள். இவை பொதுச் சொற்கள் அல்ல, ஆட்பெயர்கள். தமிழ் பிறர் பெயரைத் தன் ஒலிக்கேற்ப மாற்றினால் அது இலக்கணம். தெலுங்கு தமிழர் பெயரைத் தன் ஒலிக்கேற்ப மாற்றினால் அது அவமதிப்பு. இந்த இரட்டை அளவுகோலை எந்த இலக்கணம் வழங்கியது?

அண்டை மொழியின் பெயரையே பார்க்கலாம். அம்மொழியினர் அதைத் 'தெலுகு' என்கிறார்கள். தமிழர்கள் இடையில் ஒரு மெல்லெழுத்தை வைத்துத் 'தெலுங்கு' என்கிறார்கள். ஆந்திரரோ தெலங்கானத்தாரோ இதைத் தம் மொழிக்கு நேர்ந்த இழுக்காகக் கருதிப் போர்க்கொடி தூக்கவில்லை. தியாகராஜ சுவாமிகள் தெலுங்கில் பாடியவர். திருவையாற்றில் வாழ்ந்த அவரைத் தமிழ் 'தியாகராசர்' என்றும் எழுதும். அதே பெயர் சென்னை நகர்ப்பகுதி ஒன்றில் 'தியாகராயர்' என்று நிற்கும். பாஸ்கர், பானு, ராகவன், கனசியாம் என்று எத்தனையோ பெயர்களின் மூச்சொலிகளைத் தமிழ் எழுத்து பொருட்படுத்துவதே இல்லை. தெலுங்கு எழுத்தில் அவ்வொலிகளுக்கெல்லாம் தனித்தனி வடிவங்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் தெலுங்கர் தமிழ்ப் பெயரில் இழக்கச் செய்யும் ஒலி ஒன்று என்றால், தமிழர் தெலுங்குப் பெயர்களில் இழக்கச் செய்யும் ஒலிகள் பல.

இன்னும் ஒன்று. ழகரத்தை ஒலிக்காதவர் தமிழர் அல்லர் என்றால் தமிழர் எத்தனை பேர் எஞ்சுவர்? மதுரை, நெல்லை வட்டாரங்களில் பலர் வாயில் 'பழம்' என்பது 'பளம்' ஆகிறது. வடதமிழகத்தின் சில பகுதிகளில் அது 'பயம்' ஆகிறது. இலங்கைத் தமிழ்ப் பேச்சில் ழகரமும் ளகரமும் பரவலாக ஒன்றாகிவிட்டன. அங்கெல்லாம் கயல்விழியின் பாட்டி தன் பெயர்த்தியைக் 'கயல்விளி' என்றுதான் அழைப்பாள். அந்தப் பாட்டியைத் திருத்தத் துணியாதவர்கள் அல்வால் ஆசிரியரை மட்டும் ஏன் திருத்தப் புறப்படுகிறார்கள்?

இலங்கையைக் குறிப்பிட்டதால் இன்னோர் எடுத்துக்காட்டும் பொருந்தும். 'வெற்றிவேல்' என்ற பெயரில் உள்ள இரட்டை றகரத்தைத் தமிழகத்தில் பெரும்பாலோர் 'ட்ர' போல் ஒலிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அது நுனிநா அண்பல்லில் ஊன்றிப் பிறக்கும் இரட்டை வல்லொலி. ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழகத்தார் 'டி-ஆர்' என்று எழுதும் இடத்தில் ஈழத்தார் இரண்டு 'டி' எழுதுகிறார்கள். ஒரே மொழி, ஒரே எழுத்து, ஒரே பெயர். கடவுச்சீட்டில் இரண்டு பெயர்கள். மலேசியத் தமிழர் 'லெச்சுமி' என்று எழுதியதைச் சென்னையில் உள்ளவர் எழுத்துப்பிழை என்று எண்ணிச் சிரிக்கிறார். உண்மையில் அது இலட்சுமி என்ற தமிழ் ஒலிப்பைக் காதால் கேட்டு எழுதிய வடிவம்.

அந்த இலட்சுமியே இந்தியா முழுவதும் எத்தனை வடிவம் கொள்கிறாள்! தெலங்கானத்தில் ஆங்கில 'எக்ஸ்' எழுத்தோடு லக்ஷ்மி. கிராமத்து வாயில் லச்சம்மா. வங்கத்தில் 'லொக்கி'. ஞானம் என்ற சொல்லோடு தொடங்கும் பெயர்கள் தமிழில் தூய ஞகரத்தோடு ஒலிக்கின்றன. இந்தியில் 'க்யான்' ஆகின்றன. தெலுங்கில் முன்னே ஒரு ககரம் ஏறுகிறது. மராத்தியத்தில் 'த்ன்யா' என்று தொடங்குகின்றன. தமிழிலும் மலையாளத்திலும் 'அம்ரிதா' என்று ஒலிக்கும் பெயர் தெலுங்கு, கன்னட, மராத்திய வாய்களில் 'அம்ருதா' ஆகிறது. இவற்றுள் எது சரி என்று கேட்பது, கங்கையின் எந்தத் துறையில் உள்ள நீர் உண்மையான கங்கை என்று கேட்பது போன்றது.

தெலுங்கு நாவுக்கும் ழகரத்துக்கும் உள்ள உறவைப் பார்த்தால் 'அவர்களுக்கு அவ்வொலியே தெரியாது' என்ற ஏளனமும் நிற்காது. தொல்தெலுங்குக் கல்வெட்டுகளில் ழகரத்துக்குத் தனி வரிவடிவம் இருந்தது. பிற்காலத்தில் அவ்வொலி பெரும்பாலும் டகரத்தோடும், சில சூழல்களில் ரகரத்தோடும் கலந்தது. தமிழின் ஏழு தெலுங்கில் 'ஏடு'. தமிழின் கோழி தெலுங்கில் 'கோடி'. சோழர் என்ற அரசகுலப் பெயரே தெலுங்கு மண்ணில் 'சோட' ஆயிற்று. கடப்பைப் பகுதியை ஆண்ட ரேநாட்டுச் சோழரைத் தெலுங்கு வரலாற்று நூல்கள் ரேநாட்டிச் சோடர் என்கின்றன. ஐதராபாத்தில் வாழ்ந்து, உஸ்மானியாவில் மொழியியல் துறையைத் தொடங்கி, பின்னர் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றிய பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, 2003இல் வெளிவந்த திராவிட மொழிகள் பற்றிய தம் பெருநூலில் மூலத்திராவிட ஒலியன்களுள் ஒன்றாக இவ்வொலியை நிறுவியிருக்கிறார். ழகரம் தமிழுக்கு மட்டும் வாய்த்த தனிச்சொத்து அன்று. திராவிடக் குடும்பத்தின் பொதுச்சொத்தை மூத்த உடன்பிறப்புகளுள் சிலர் காத்தனர், சிலர் வேறொன்றாக்கிக் கொண்டனர், அவ்வளவே.

நாவின் திரிபு அன்பின் அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்பதற்குச் சான்று தெலங்கானக் கிராமங்களிலேயே உண்டு. அங்கே முதிய பெண்கள் பலருக்கு 'ஆண்டாளு', 'ஆண்டாளம்மா' என்று பெயர். திருவில்லிபுத்தூர் ஆண்டாள்தான் ஈற்றில் தெலுங்கு உகரம் பெற்று அங்கே வாழ்கிறாள். திருச்சானூர்த் தாயாரின் பெயர் 'அலர்மேல் மங்கை'. மலர்மேல் அமர்ந்தவள் என்பது பொருள். தமிழ்ப் பேச்சே அதை 'அலமேலு' என்று தேய்த்தது. தெலுங்கு அதை மேலும் மாற்றி 'அலிவேலு' என்றது. அலிவேலு என்று மகளுக்குப் பெயரிட்ட தெலுங்குக் குடும்பம் தமிழை அவமதித்ததா? எழுத்துக்கு எழுத்து காத்திருந்தால் அப்பெயர் வேற்றுப் பெயராகவே நின்றிருக்கும். மாறியதால் அது வீட்டுப் பெயராயிற்று. திருமலையில் மார்கழி மாதம் முழுவதும் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. தெலுங்கு வைணவ இல்லங்களிலும் அது தெலுங்கு நாவில்தான் ஒலிக்கிறது. அந்நாவைப் பார்த்துத் தமிழர் சினம் கொள்வதற்கு எந்த உரிமையும் இல்லை.

இதுவரை படித்த மொழியியல் மாணவர்கள் தலையசைத்திருப்பார்கள். அவர்களின் அமைதிக்குத்தான் இனி விடை சொல்ல வேண்டியுள்ளது.

'கயல்விஜி' என்பது தெலுங்கின் இயல்பான ஒலித்திரிபா? மேலே கண்ட வரலாற்றை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். பழந்தெலுங்கில் ழகரம் டகரமாயிற்று. இன்றைய தெலுங்கர் ஒரு தமிழரின் வாயிலிருந்து ழகரத்தைக் கேட்டால், தம் மொழியில் அதற்கு மிக நெருங்கிய ளகரத்தை ஒலிக்கிறார். தமிழைத் 'தமிளம்' என்கிறார். ஆழ்வாரை 'ஆள்வார்' என்கிறார். தெலுங்கு நாளிதழ்கள் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியின் பெயரை ளகரமிட்டு எழுதுகின்றன. டகரம் வரலாற்றின் வழி. ளகரம் காதின் வழி. ஜகரம் எந்த வழி? திராவிட மொழி வரலாற்றில் எங்கும் ழகரம் ஜகரமானதில்லை. எந்தத் தெலுங்குக் காதும் 'விழி' என்பதை 'விஜி' என்று கேட்காது.

ஜகரம் வந்த வழி ஒன்றே: ஆங்கிலம். ழகரத்தை ஆங்கிலத்தில் 'இசட்-எச்' என்று இரண்டெழுத்தால் குறிப்பது தமிழரும் மலையாளிகளும் தமக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை அறியாதவர் அவ்வெழுத்துகளைக் கண்டால் இசட்டின் ஒலியைத்தான் தேடுவார். தெலுங்கில் இசட் ஒலிக்கு நிலையான எழுத்து ஜகரம். இந்தி ஏடுகள் கனிமொழியின் பெயரை ஜகர வருக்கத்து மூச்சொலியிட்டு அச்சிடுவதும் இதனால்தான். அவ்வேடுகள் அப்பெயரைக் காதால் கேட்டு எழுதவில்லை. ஆங்கிலச் செய்தியைப் பார்த்து எழுதின. 'தமிழ்' என்ற சொல்லை அதே இந்தி ஏடுகள் 'தமில்' என்றுதான் எழுதுகின்றன. 'தமிஜ்' என்று எவரும் எழுதுவதில்லை. அச்சொல் ஆங்கில இசட்டின் வழியாக வரவில்லை என்பதே காரணம். காதால் வந்த சொல் பிழைத்தது. ஆங்கிலத் தாளால் வந்த பெயர் சிதைந்தது.

ஆகவே அல்வால் வகுப்பறையில் நிகழ்வது இரண்டு திராவிட மொழிகளின் சந்திப்பன்று. அவ்விரண்டு மொழிகளும் சந்திக்கவே விடாமல் இடையில் ஓர் ஆங்கில எழுத்துத்தொடர் நிற்கிறது. மொழியியலார் 'கடன் சொல்லின் ஒலித்தழுவல்' என்று பெயர்சூட்டி அமைதி காணும் நிகழ்வில் ஒலி எங்குமே பங்கேற்கவில்லை. ஆசிரியர் அப்பெயரைக் கேட்டதே இல்லை, வாசித்தார்.

ழகரம் இல்லாத பெயர்களும் இதற்குத் தப்புவதில்லை. 'கதிர்' என்ற பெயரில் உள்ள தகரம் 'பந்து' என்பதில் உள்ளது போல் குரல்நாண் அதிர ஒலிப்பது. ஆங்கிலத்தில் அதை 'டி-எச்' என்று எழுதுகிறார்கள். தெலுங்கர் அதைப் 'பத்து' என்பதில் உள்ள தகரம் போல் அதிர்வின்றி வாசிக்கிறார். தெலுங்கு எழுத்தில் அவ்விரண்டு தகரங்களுக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு; காதால் கேட்டு எழுதியிருந்தால் கதிரின் தகரம் தமிழ் எழுத்தைவிடத் தெலுங்கு எழுத்தில் துல்லியமாக நின்றிருக்கும்! 'நிலா' என்ற பெயரின் முதலுயிர் குறில். ஆங்கிலம் குறில் நெடில் காட்டாது. பதிவேட்டில் அவள் 'நீலா' ஆகிறாள்; வானத்து நிலவு நீல நிறமாகிறது. தெலுங்கில் குறிலும் நெடிலும் தமிழைப் போலவே பிரிந்து நிற்கின்றன. இரு மொழிகளுக்கும் பொதுவான ஒரு வேறுபாட்டை, இரு மொழிகளுக்கும் அயலான ஓர் எழுத்து அழித்துவிடுகிறது.

இது வகுப்பறையோடு முடிந்தால் சிறுதுன்பம் என்று விட்டுவிடலாம். முடிவதில்லை. தெலங்கானத்தில் ஆதார் அட்டையில் பெயர் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் அச்சாகிறது. பதிவு மையத்தில் ஆங்கிலப் பெயரைத் தட்டச்சு செய்தவுடன் மென்பொருள் தானே ஒரு தெலுங்கு வடிவத்தை முன்வைக்கிறது. அதைச் சரிபார்த்துத் திருத்த வழியுண்டு. ஆனால் வரிசையில் முப்பது பேர் நிற்கையில், தெலுங்கு எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு தமிழ்த் தாய் திரையைப் பார்த்து எதைத் திருத்துவாள்? இயந்திரம் முன்வைத்ததே பெயராகிறது. பிறகு வாக்காளர் பட்டியலில் ஒரு வடிவம், பள்ளிப் பதிவில் ஒரு வடிவம், பத்தாம் வகுப்பு மெமோவில் ஒரு வடிவம். ஓர் எழுத்து மாறினாலும் உதவித்தொகை விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் ஒன்றையொன்று ஏற்பதில்லை. திருத்தத்துக்கு உறுதிமொழிப் பத்திரம், சான்று, மீண்டும் வரிசை. நாட்கூலிக்குச் செல்லும் பெற்றோருக்கு ஒவ்வொரு வரிசையும் ஒரு நாள் ஊதியம். ழகரப் பெருமிதம் பேசுவோர் எவரும் அந்த ஊதியத்தை ஈடுகட்டுவதில்லை. 'ஒலித்தழுவல் இயற்கை' என்போரும் ஈடுகட்டுவதில்லை.

இதன் கடைசி விளைவு இன்னும் கொடியது. 'இங்கே இருப்பவர்கள் ழகரம் வரும் பெயரை வைக்காதீர்கள். குழந்தைக்குத்தான் தொல்லை' என்ற அறிவுரை அக்கறையோடு வழங்கப்படுகிறது. எழிலும் யாழினியும் கனிமொழியும் கயல்விழியும் ஒதுக்கப்பட்டு, எந்தப் படிவத்திலும் இடறாத பெயர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒரு குழந்தைக்கு என்ன பெயரிடுவது என்பதை அதன் தாய்தந்தையர் முடிவு செய்யாமல், தட்டச்சுப் பலகை முடிவு செய்கிறது. ஆண்டாளை ஆண்டாளு ஆக்கிய நாவு ஒரு பெயரை வாழவைத்தது. கயல்விழியைக் கயல்விஜி ஆக்கிய பதிவேடு, அடுத்த தலைமுறையில் அப்பெயரே பிறவாமல் தடுக்கிறது. இவ்விரண்டையும் 'மாற்றம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது அறிவுச் சோம்பல்.

'வேறு வழி என்ன? எல்லோருக்கும் பொதுவானது ஆங்கிலந்தானே' என்ற வாதம் எழும். பொது என்பதால் அது இடைத்தரகாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ் எழுத்தும் தெலுங்கு எழுத்தும் பிராமியில் பிறந்த உடன்பிறப்புகள். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில், எகர ஒகரக் குறில்கள் உட்பட, ஒன்றுக்கொன்று நேர் நிற்கின்றன. இந்திய எழுத்துகளுக்கான கணினிக் குறியீட்டுத் தரமும், அதைப் பின்பற்றிய யூனிகோடும், இம்மொழிகளின் எழுத்துகளை ஒரே வரிசையில் அடுக்கியிருக்கின்றன. தமிழ் ழகரம் தன் கட்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறதோ, தேவநாகரியிலும் மலையாளத்திலும் ழகரத்துக்கு அதே இடம். தெலுங்கில் அவ்விடம் நெடுங்காலம் வெறுமையாக இருந்தது. 2014இல் வெளிவந்த யூனிகோடு ஏழாம் பதிப்பில் பழந்தெலுங்கு ழகரம் அவ்விடத்தில் அமர்ந்தது. கணினிக்குள் இரு மொழிகளுக்கும் நேர்வழி ஏற்கெனவே போடப்பட்டுள்ளது. பதிவு மென்பொருள்தான் அவ்வழியில் செல்லாமல் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

ஆங்கில எழுத்தைச் சீர்செய்தே இச்சிக்கலைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவோர் 2020ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அவ்வாண்டு ஜூன் மாதம் அரசாணை வெளிவந்தது. வேலூரின் புதிய ஆங்கில வடிவத்தை மக்கள் 'வீலூர்' என்று வாசித்துச் சிரித்தார்கள். அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லது, கருவி தவறு. இருபத்தாறு எழுத்துகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் அவை தமிழ் ஒலியை எல்லோருக்கும் ஒரே விதமாகக் காட்டப்போவதில்லை.

செய்யக்கூடியவை பெரியவை அல்ல. முதலாவது, பெயர் பதிவாகும் இடத்தில் தெலுங்கு வடிவத்தைக் கேட்டு எழுத வேண்டும். 'உங்கள் மகளின் பெயரைச் சொல்லுங்கள்' என்று தாயிடம் கேட்கும் ஒரு வினாடி, பின்னாளில் பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும். இரண்டாவது, தமிழ்ப் பெயர்களைத் தெலுங்கில் எழுதுவதற்கு ஒரு பக்க அளவில் நிலையான மரபு வேண்டும்: ழகரத்துக்கு ளகரம், கதிரின் தகரத்துக்கு ஒலிப்புடைத் தகரம், குறிலுக்குக் குறில், இரட்டை றகரத்துக்கு நாளிதழ்கள் எழுதும் 'ட்ர'. பழந்தெலுங்கு ழகரத்தை மீட்டெடுக்கச் சொல்ல வேண்டியதில்லை. அதை வாசிக்கத் தெரிந்தவர் சிலரே. ஐதராபாத்தில் மொழியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் உள்ளன: உஸ்மானியா, ஐதராபாத் பல்கலைக்கழகம், ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். ஒரு பருவத்தின் வகுப்புப் பணியாகவே முதுகலை மாணவர்கள் இந்த ஒரு பக்கத்தை ஆக்கித் தரமுடியும். பொங்கல் விழாவில் ழகர உச்சரிப்புப் போட்டி நடத்தும் தமிழ்ச் சங்கங்கள், அதே ஆர்வத்தோடு பதிவு மையத்தில் ஒரு நாள் தெலுங்கு வாசிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைக்க முடியும்.

மூன்றாவது, இக்கோரிக்கை இருவழியாக இருக்க வேண்டும். சென்னையிலும் திருப்பூரிலும் ஒடிசா, பீகார், தெலங்கானத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பள்ளியில் சேர்கிறார்கள். அவர்களின் பெயர்களைத் தமிழ்நாட்டுப் பதிவேடுகள் ஆங்கிலத்திலிருந்தே தமிழாக்குகின்றன. தமிழ் எழுத்தில் மூச்சொலி நில்லாது. அது தமிழின் இயல்பு, அதற்கு எவரும் நாண வேண்டியதில்லை. ஆனால் குறிலை நெடிலாக்குவதும் ணகரத்தை னகரமாக்குவதும் தமிழின் இயல்பன்று. கேளாமல் எழுதியதன் விளைவு. அல்வாலில் நீதி கேட்பவர்கள் திருப்பூரில் அதை வழங்கிக் காட்ட வேண்டும்.

கேட்டு அறிவது அரிய செயலன்று. 2020இல் லிங்க்ட்இன் தளம், பயனர்கள் தம் பெயரைத் தம் குரலிலேயே பதிந்து வைக்கும் வசதியை அளித்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, பட்டமளிப்பு மேடையில் வாசிப்பதற்காக மாணவர் தம் பெயரை எப்படி ஒலிப்பார் என்பதை முன்கூட்டியே கேட்டு வாங்குகின்றன. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு அவ்வளவு கருவியும் வேண்டா. முதல் நாள் ஆசிரியர் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் தம் பெயரைத் தாமே சொல்லச் சொன்னால் போதும்.

அப்போது பின்வரிசைச் சிறுமி எழுந்து 'கயல்விழி' என்பாள். ஆசிரியர் தம் தெலுங்கு நாவால் 'கயல்விளி' என்று திருப்பிச் சொல்வார். அது பிழையன்று. அவளுடைய பாட்டியும் அப்படித்தான் அழைத்திருப்பாள். அவள் திரும்பிப் பார்ப்பாள். ஏனென்றால் அது அவள் பெயர்.